கஸு ஹிரோ

கஸு ஹிரோ (பிறப்பு: 25 மே 1969, கியோட்டோ) ஜப்பானில் பிறந்து ஹாலிவுட்டில் பெயர் பெற்ற ஒப்பனைக் கலைஞர், சிற்பி. நடிகரின் முகத்தில் செயற்கைத் தோலை ஒட்டி அவரை வேறொருவராகவே ஆக்கிவிடும் ‘ப்ராஸ்தெடிக் மேக்கப்’ இவருடைய துறை. ‘அவ்வை சண்முகி’ பார்த்தவர்களுக்கு அந்தக் கலை புதிதல்ல. ‘டார்க்கஸ்ட் ஹவர்’ (2017), ‘பாம்ப்ஷெல்’ (2019) ஆகிய படங்களுக்காக இருமுறை ஆஸ்கர் விருதைப் பகிர்ந்துகொண்டார். இயற்பெயர் கஸுஹிரோ சுஜி. 2019இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றபோது பெயரையும் மாற்றிக்கொண்டார்.

வெளிநாட்டுக்குப் போய்த் தொழில் கற்றவர் என்று இவரைச் சொல்வது சரியாகாது. தொழில் கைக்கு வந்த பிறகே நாடு மாறினார். பள்ளி நாட்களில் ‘ஃபேங்கோரியா’ என்ற அமெரிக்கத் திகில்பட இதழ் கண்ணில் பட்டது. நடிகர் ஹால் ஹோல்புரூக்கை ஒப்பனையாளர் டிக் ஸ்மித் ஆபிரகாம் லிங்கனாக மாற்றியிருந்த படங்கள் அதில் இருந்தன. ‘காட்ஃபாதர்’, ‘எக்ஸார்சிஸ்ட்’ படங்களின் முகங்களை உருவாக்கியவர் ஸ்மித். சிறுவன் தன் முகத்திலேயே லிங்கனைச் செய்து பார்த்து, புகைப்படம் எடுத்து ஸ்மித்துக்கு அனுப்பினான். பதில் வந்தது, எதைத் திருத்த வேண்டும் என்ற யோசனைகளும் அதில் இருந்தன. தொழில் ரகசியங்களைப் பூட்டி வைப்பதே வழக்கமாக இருந்த துறையில், முன்பின் தெரியாத பையனுக்கு ஸ்மித் காட்டிய இந்தத் தாராளம் பெரியது. பின்னர் ‘ஸ்வீட் ஹோம்’ (1989) என்ற ஜப்பானியத் திகில் படத்தில் இருவரும் சேர்ந்தே வேலை செய்தார்கள்.

1996இல் லாஸ் ஏஞ்சலஸ் சென்று ஒப்பனையாளர் ரிக் பேக்கரின் பட்டறையில் சேர்ந்தார். ‘மென் இன் பிளாக்’ (1997), ‘ஹவ் த கிரின்ச் ஸ்டோல் கிறிஸ்துமஸ்’ (2000) எனப் படங்கள் தொடர்ந்தன. ‘கிளிக்’ (2006), ‘நார்பிட்’ (2007) இரண்டுக்கும் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. ஆனால் படப்பிடிப்புத் தளத்தின் நெருக்கடி அவரை வாட்டியது. 2012 வாக்கில் சினிமாவை விட்டுச் சிற்பத்துக்குப் போனார்.

திரும்ப அழைத்தவர் நடிகர் கேரி ஓல்ட்மேன். ‘டார்க்கஸ்ட் ஹவர்’ படத்தில் வின்ஸ்டன் சர்ச்சிலாக நடிப்பதென்றால் ஒப்பனைக்கு இவர் வேண்டும் என்றார். ஓல்ட்மேன் ஒல்லி முகக்காரர். சர்ச்சிலுக்கோ உருண்ட முகம், தொங்கும் தாடை. முதலில் நடிகரின் முகத்தை அச்செடுக்க வேண்டும். அந்த வார்ப்பின் மேல் களிமண்ணால் புது முகம் வனைந்து, அதிலிருந்து சிலிகான் துண்டுகளை வார்க்க வேண்டும். ஒவ்வொரு துண்டும் ஓரத்துக்கு வரவரச் சவ்வுபோல மெலிந்து, ஒட்டிய இடம் தெரியாமல் நிஜத் தோலில் கரைய வேண்டும். நிறத்தையும் ஒரே பூச்சாகப் பூச முடியாது. உயிருள்ள தோலில் இரத்தமும் நரம்பும் நிழலாடும். ஆகவே சிவப்பு, நீலம், பழுப்பு எனப் புள்ளி புள்ளியாகப் பல அடுக்குகள் போட வேண்டும். வடிவமைத்தது ஹிரோ, படப்பிடிப்பு நாட்களில் அதை முகத்தில் பொருத்தியவர்கள் டேவிட் மலினோவ்ஸ்கியும் லூசி சிபிக்கும். ஒவ்வொரு நாளும் மூன்று மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. 2018இல் மூவருக்கும் ஆஸ்கர் கிடைத்தது.

என் பார்வையில் அதைவிட நுட்பமானது ‘பாம்ப்ஷெல்’. அங்கே முதுமையோ பருமனோ கைகொடுக்கவில்லை. நன்கு தெரிந்த முகமான சார்லிஸ் தெரோனை, தொலைக்காட்சியில் நாள்தோறும் மக்கள் பார்த்துப் பழகிய மெகின் கெல்லியாக மாற்ற வேண்டியிருந்தது. இமை, மூக்கு, மோவாய் என்று சிறு சிறு மாற்றங்களால் அதைச் சாதித்தார். ‘மேஸ்ட்ரோ’ (2023) படத்தில் பிராட்லி கூப்பரை இசைமேதை லெனர்ட் பெர்ன்ஸ்டைனாக இளமையிலிருந்து முதுமை வரை கொண்டுசென்றார். அதற்கும் பரிந்துரை கிடைத்தது.

இவருடைய சிற்பங்கள் நிஜத் தலையைப் போல இருமடங்கு பெரியவை. தோலின் துளைகள்கூடத் தெரியும். 2002இல் டிக் ஸ்மித்தின் 80ஆம் பிறந்தநாளுக்காக அவர் முகத்தையே செய்தார். அடுத்துச் செய்தது லிங்கன்.