ஓர் அடிமைக்கு ஒரு வராகன்

கடலூர் தேவனாம்பட்டினத்தில் கெடிலத்தின் கரையோரம் சிதைந்து கிடக்கும் புனித டேவிட் கோட்டை, சென்னை கவர்னர் எலிஹு யேல் 1690இல் செஞ்சி மராட்டியரிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பினிக்காக வாங்கியது. பீரங்கிக் குண்டு போய் விழுந்த தூரம்வரை இருந்த ஊர்களும் அந்த விலைக்குள் அடக்கம்; அவற்றுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் நின்றுவிட்டது. அதே யேல் 1718இல் அமெரிக்காவின் கனெக்டிகட்டிலிருந்த ஒரு சிறு கல்லூரிக்கு 9 பொதி சரக்கும் 417 புத்தகங்களும் அனுப்பினார். சரக்கு 562 பவுனுக்கு விலைபோயிற்று. கல்லூரி அவர் பெயரைச் சூட்டிக்கொண்டது. கல்விப் புரவலர் என்று உலகம் போற்றிய அவரைச் சோழமண்டலக் கரையிலிருந்து பார்த்தால், புகழோடு சேர்த்து ஒரு பழியையும் பதிய வேண்டியிருக்கிறது.

1687இல் அவர் பதவியேற்றபோது கரையெங்கும் பஞ்சம். சோற்றுக்கு வழியற்றவர்கள் மலிவாகக் கிடைத்தார்கள் என்பதால், கப்பலேறும் ஒவ்வோர் அடிமைக்கும் ஒரு வராகன் சுங்கம் விதித்தது அவருடைய கவுன்சில். ஐரோப்பாவுக்குப் புறப்படும் கப்பல் ஒவ்வொன்றிலும் குறைந்தது பத்து அடிமைகளை செயின்ட் ஹெலினா தீவுக்கு அனுப்ப வேண்டும் என்ற உத்தரவும் அவர் ஆட்சியில் போட்டதுதான். மறுவருடமே அதே கவுன்சில் அடிமை ஏற்றுமதியைத் தடைசெய்தது. யேலுக்காக வாதாடுவோர் இதைத்தான் முன்வைக்கிறார்கள். ஆனால் தடைக்குச் சொன்ன காரணத்தைக் கவனிக்க வேண்டும். பிள்ளைகளையும் வேலையாட்களையும் திருடிக் கப்பலேற்றுகிறார்கள் என்று உள்நாட்டு ஆட்சியாளர்கள் முறையிட்டார்கள், அதனால் கும்பினிக்குத் தொல்லை. மனம் இளகியதற்கான அடையாளம் அதில் இல்லை. அந்தக் காலத்தில் இதை யாரும் தவறென்று நினைக்கவில்லை என்ற சமாதானமும் இங்கேயே அடிபட்டுப் போகிறது: பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் நினைத்தார்கள், அவர்கள் குரல் அரசுவரை எட்டியும் இருக்கிறது. அவர் சொந்தமாக அடிமை வைத்திருந்ததற்குச் சான்று இல்லையே என்றும் கேட்கிறார்கள். கேட்கலாம். ஆனால் சுங்கம் வாங்கிய ஆட்சியின் தலைவருக்கு, வீட்டில் அடிமை இல்லாதது எப்படி விலக்காகும்?

இன்னொரு கேள்வி நம்மை நோக்கி வருகிறது, அதுதான் கடினமானது. இங்கே அடிமை முறையை வெள்ளைக்காரனா கொண்டுவந்தான்? இல்லை. சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே ஆட்களைக் கோயிலுக்கு விற்ற செய்தி உண்டு. சுந்தரரைத் தடுத்தாட்கொள்ள வந்த சிவனே, அவர் தனக்கு அடிமை என்று காட்டும் ஆளோலையைத்தான் நீட்டுகிறார். அப்படியொரு ஓலை செல்லும் என்று ஊர் ஏற்றதால்தான் அந்தக் கதை நடக்கிறது. சிதம்பரம் வட்டாரப் பண்ணைகளில் படியாளாக உழைத்தவர்களின் நிலையை, 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தன் கதைக்குள் கொண்டுவந்தார். தில்லைக்குப் போக உத்தரவு கேட்ட நந்தனிடம், நாற்பது வேலி நிலத்தின் வேலையை ஒரே இரவில் முடிக்கச் சொல்லும் பண்ணைக்கார வேதியர் சேக்கிழாரின் பெரியபுராணத்தில் இல்லை; பாரதியார் சேர்த்தவர். ஆண்டவன் சந்நிதியில் எல்லாரும் ஒன்று என்று பாடிய மண், அங்கே போகவே ஒருவன் ஆண்டையிடம் அனுமதி கேட்கும்படி வைத்திருந்தது. இது யேலின் பொறுப்பைக் குறைக்கவில்லை. பஞ்சத்தில் அவருடைய கப்பல்களுக்கு ஆள் மலிவாகக் கிடைத்ததற்கு, மனிதரை விற்கலாம் என்ற நம் ஊர் வழக்கமும் துணைநின்றது என்றே காட்டுகிறது.

அடிமைத்தனத்தோடு தனக்கிருந்த தொடர்புக்காக யேல் பல்கலைக்கழகம் 2024இல் மன்னிப்புக் கேட்டது. நம் பக்கத்தில் 1843ஆம் ஆண்டுச் சட்டம், அடிமை மீது உரிமை கோரும் வழக்கை நீதிமன்றம் ஏற்காது என்றதோடு நின்றது. கடனைக் காட்டிப் படியாளைப் பிடித்துவைக்கும் வழக்கம் அதற்குப் பிறகும் தொடர்ந்தது. கொத்தடிமை முறையை ஒழிக்க 1976இல் தனியாக ஒரு சட்டம் இயற்ற வேண்டியிருந்தது.