மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை: உட்கொள்ளும் அளவு

முடக்குவாதம், சொரியாசிஸ், சிலவகை ரத்தப் புற்றுநோய் ஆகியவற்றுக்கு மருத்துவரின் சீட்டின் பேரில் தரப்படும் மருந்து மெத்தோட்ரெக்ஸேட். உடலில் ஃபோலிக் அமிலம் செய்யும் வேலையைத் தடுத்து, வேகமாகப் பெருகும் செல்களை இது ஒடுக்குகிறது. பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவின் தலைமையில், அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் 1940களில் உருவான மருந்து இது.

முடக்குவாதத்துக்கு வழக்கமாக 7.5 முதல் 15 மி.கி.யில் தொடங்கி, தேவைப்பட்டால் 25 மி.கி. வரை படிப்படியாகக் கூட்டுவார்கள். சொரியாசிஸுக்கும் ஏறத்தாழ இதே அளவுதான். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்த் தொடர் சிகிச்சையில் உடல் பரப்பளவைக் கணக்கிட்டு, சதுர மீட்டருக்குச் சுமார் 20 மி.கி. தருவார்கள். இவை அனைத்தும் வாரத்துக்கு ஒரே ஒரு வேளைக்கான அளவு.

உயிரைப் பறிக்கும் பிழை நேர்வதும் இங்கேதான். மற்ற மாத்திரைகளைப் போல் இதையும் தினமும் விழுங்கிவிட்டால், ஒரு வாரத்துக்குள்ளேயே எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு வெள்ளையணுக்கள் சரியக்கூடும். வாய்ப்புண், காய்ச்சல், தொண்டைவலி ஆகியவை முதல் எச்சரிக்கை. ஆகவே சீட்டில் ‘வாரம் ஒருமுறை’ என்பதோடு, ‘ஞாயிற்றுக்கிழமை’ என்பதுபோல் கிழமையையும் எழுதியே தீர வேண்டும். பெட்டியிலும் அட்டையிலும் இந்த எச்சரிக்கை தெளிவாக இருக்க வேண்டுமென ஐரோப்பிய மருந்து முகமை 2019இல் பரிந்துரைத்தது.

மாத்திரையின் வீரியத்திலும் குழப்பம் வரும். 15 மி.கி.க்கு 2.5 மி.கி. மாத்திரை ஆறு வேண்டும். கடையில் 10 மி.கி. அட்டை மாறி வந்து, பழக்கத்தில் அதிலும் ஆறு போட்டால் 60 மி.கி. உள்ளே போய்விடும். பக்கவிளைவைக் குறைக்கத் தனியாகத் தரப்படும் ஃபோலிக் அமிலமும் பல நேரங்களில் இதைப் போன்ற சிறிய மஞ்சள் மாத்திரையே. இரண்டையும் ஒரே டப்பாவில் கொட்டி வைப்பது ஆபத்து.

மருந்து பெரும்பாலும் சிறுநீரகம் வழியே வெளியேறுவதால், சிறுநீரகம் தளர்ந்த முதியோருக்கு வழக்கமான அளவே மிகையாகலாம். கோ-ட்ரைமாக்சசோல் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கூடச் சேர்ந்தால் நச்சுத்தன்மை கடுமையாகும். கர்ப்பிணிகளுக்கு முடக்குவாதத்துக்கோ சொரியாசிஸுக்கோ இதைத் தரக் கூடாது. ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகள் தவறாமல் நடக்க வேண்டும்.

அளவு மீறியது தெரிந்தால், உடல் நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மாற்று மருந்தான ஃபோலினிக் அமிலம் எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறதோ அவ்வளவு பலன் தரும்.