சாவடியும் சாட்சியும்



சிவகாசிக்கும் இராசபாளையத்துக்கும் இடையே, கரிசல் நிலத்தின் நடுவில் அமைந்த ஆலங்குளம் என் ஊர். அங்கே அரசுச் சிமெண்டு ஆலை உண்டு. சுற்றிலும் தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் உண்டு. ஆதலின் லாரிகளின் ஓசை எங்களுக்குத் தாலாட்டைப் போலப் பழகியது. சிறுவனாக இருந்தபோது, என் தாய்மாமன் ஓட்டிய சிமெண்டு லாரியில் ஒருமுறை செங்கோட்டை வழியாக மலையாள நாட்டுக்குச் சென்றேன். வழியில் ஒரு சோதனைச் சாவடி. அதிகாரி தார்ப்பாயை அவிழ்க்கச் சொன்னார்; மூட்டைகளை எண்ணினார்; பதிவேட்டில் நிதானமாக எழுதலானார். எனக்குப் பொறுமை போயிற்று. "நம்மளைத் திருடன்னு நினைக்காகளா மாமா?" என்று கேட்டேன். "எழுதட்டும்டா மருமகனே. எழுதுனாத்தான் அவருக்கும் காவல், நமக்கும் காவல்" என்றார் மாமா.

அச்சொல்லின் ஆழம் அன்று எனக்கு விளங்கவில்லை. கள்ளக் கடத்தலைத் தடுக்க எழுந்த சட்டங்களின் வரலாற்றைப் படித்தபின் விளங்கிற்று.

சாவடி நமக்குப் புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் ஏறிய பொருளுக்கும் இறங்கிய பொருளுக்கும் சோழனின் புலி முத்திரை இடப்பட்டதைப் பட்டினப்பாலை கூறுகிறது. பொருளைக் கண்டோம், அளந்தோம் என்பதற்கு அந்த முத்திரையே சாட்சி. முதற் குலோத்துங்கனோ சுங்கத்தை நீக்கிச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயர் பெற்றான்.

சாட்சியை விடுத்து வேலியையே நம்பிய காலமும் உண்டு. உப்பு வரியைக் காப்பதற்காக வெள்ளையர் வட இந்தியாவில் உள்நாட்டுச் சுங்க எல்லை ஒன்றை வகுத்தனர். 1869-ல் அது சிந்து நதி முதல் மகாநதி வரை 2,300 மைல் நீண்டிருந்தது; ஏறத்தாழ 12,000 பேர் அதனைக் காத்தனர். கருவேலும் இலந்தையும் சப்பாத்திக் கள்ளியும் வளர்த்து, பல நூறு மைலுக்கு முள்வேலி எழுப்பினர். அதனைச் செழிக்கச் செய்தவர்களுள் ஒருவர், பின்னாளில் காங்கிரசைத் தோற்றுவித்தவர்களில் முதன்மையான ஆலன் ஆக்டேவியன் ஹியூம் என்பது வரலாற்றின் வேடிக்கை. அவ்வேலி 1879-ல் கைவிடப்பட்டது. எல்லைக்கு இருபுறமும் உப்பு வரியின் வேற்றுமை குறைக்கப்படவே, கடத்துவோருக்கு ஆதாயம் குன்றியது. வேலிக்கும் வேலை இல்லாது போயிற்று. முள் செய்யாததை விலை செய்தது.

போதைப் பொருளுக்கு இந்த மருந்து பொருந்தாது. அதன் விலையைச் சமன் செய்து விற்க எந்த அரசும் முன்வராது. ஆதலின் சட்டமே அங்கே வேலியாக வேண்டும். ஆனால் 1857, 1878 ஆகிய ஆண்டுகளின் அபினிச் சட்டங்கள் மனிதனைக் காக்க வந்தவை அல்ல. பெரிதும் கஜானாவைக் காக்க வந்தவை. அரசே அபினியை விற்றுப் பொருள் ஈட்டிய காலம் அது. உலக நாடுகளின் அபினி உடன்படிக்கைகளுக்குப் பின்னர் 1930-ல் அபாயகரமான மருந்துகள் சட்டம் வந்தது. அதன் கீழ் முதற் குற்றத்துக்கு மிகுதியான தண்டனை 3 ஆண்டு. மீண்டும் செய்தால் 4 ஆண்டு. பெருவணிகமாக வளர்ந்துவிட்ட கடத்தலுக்கு இது கொசுக்கடியாகவே இருந்தது.

எங்கள் பகுதி இராமநாதபுரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான அதே 1985-ஆம் ஆண்டில், பழைய சட்டங்களை நீக்கிப் போதைப் பொருள் தடுப்புச் சட்டம் பிறந்தது. நவம்பர் 14 முதல் நடைமுறைக்கு வந்தது. கொடிய குற்றங்கள் பலவற்றுக்குக் குறைந்தது 10 ஆண்டுச் சிறை என்றது. 1989-ல் சில குற்றங்களை மீண்டும் செய்வோருக்கு மரண தண்டனையையே கட்டாயமாக்கினர். 2001-ல் அளவுக்கேற்ற தண்டனை வந்தது: கஞ்சாவில் ஒரு கிலோ வரை சிறு அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. 2014-ல் மரண தண்டனையின் கட்டாயமும் நீங்கிற்று.

தண்டனையை மட்டும் பார்ப்பவர் இச்சட்டத்தின் மறுபாதியைக் காண்பதில்லை. இரகசியத் தகவல் கிடைத்து வண்டியையோ வீட்டையோ சோதிக்க முனையும் அதிகாரி, அத்தகவலை எழுத்தில் வடித்து, 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு நகல் அனுப்ப வேண்டும். ஒருவரது உடலைச் சோதிப்பதாயின், உயர் அதிகாரி அல்லது நீதித்துறை நடுவர் முன்னிலையில் சோதிக்கக் கேட்கும் உரிமை உண்டு என அவருக்குச் சொல்ல வேண்டும். இது தவிர்க்கவொண்ணாத கடமை என உச்ச நீதிமன்றம் 1999-ல் தீர்ப்பளித்தது. தக்க காரணமின்றிச் சோதித்துத் துன்புறுத்தும் அதிகாரிக்கும் சிறைத் தண்டனை உண்டு. இச்சட்டப்படி விசாரிக்கும் அதிகாரியிடம் சொன்ன வாக்குமூலம் குற்ற ஒப்புதலாகாது என்ற 2020-ஆம் ஆண்டுத் தீர்ப்பு, தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கிலேயே பிறந்தது.

'இத்தனை விதிகள் குற்றவாளிக்கு அல்லவா துணை?' என்பர் சிலர். நான் அவ்வாறு கருதவில்லை. பத்தாண்டுச் சிறை என்னும் வாளைக் கையில் கொடுக்கும்போது, அதற்கு உறையும் கொடுத்தாக வேண்டும். மூட்டைக்குள் மூட்டையாகப் பிறர் ஒளித்துவைத்த பொருளுக்கு ஒன்றுமறியாத ஓட்டுநர் பழி சுமக்கக் கூடாது. எழுத்தும் முத்திரையும் பிழைத்த ஒரே காரணத்தால் மெய்யான கள்வன் நீதிமன்றப் படியிறங்கிச் சிரித்துக்கொண்டு போகவும் கூடாது. இரண்டையும் தடுப்பது முறையாக எழுதிய தாளே.

எல்லைகள் மாறும். செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர்ப் பக்கத்தில் இருந்தது, இன்று தமிழ்நாடு. 2017-ல் சரக்கு சேவை வரி வந்ததும் மாநில எல்லைகளில் வணிக வரிச் சாவடிகள் மறைந்தன. காவலர் சோதனை தொடர்கிறது. நாளை அங்கே புதிய கருவிகள் வரலாம். சட்டத்தில் புதிய திருத்தங்களும் வரலாம். எது வந்தாலும், புகார்த் துறையின் புலி முத்திரையும் என் மாமா காத்துநின்ற பதிவேடும் சொல்லும் பாடம் ஒன்றே: சாவடியின் வலிமை குறுக்கே கிடக்கும் மரத்தில் இல்லை, அங்கே நேர்மையாக எழுதப்படும் எழுத்தில் இருக்கிறது.