மணிமங்கலத்தில் தேர் ஓடியதா?

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில், படப்பையைத் தாண்டி ஒரகடத்தை அடைவதற்கு முன் வரும் ஊர் சேரப்பணஞ்சேரி. இன்று இவ்வழியே செல்வோர் கண்ணில் முதலில் படுவன தொழிற்சாலைகளும், அவற்றுக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் லாரிகளுமே. சாலையை விட்டு வடகிழக்கே சில கிலோமீட்டர் சென்றால் மணிமங்கலம் வரும். கி.பி. 642-க்குச் சற்று முன்னர், வாதாபியிலிருந்து படையெடுத்து வந்த சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியைப் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் முறியடித்த களங்களுள் இவ்வூரும் ஒன்று.

நரசிம்மவர்மனுக்கு மாமல்லன் என்றும் பெயர் உண்டு. அப்பெயரைத் தாங்கிய மாமல்லபுரத்தில்தான் 2022-ஆம் ஆண்டு 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடைபெற்றது. இது தற்செயலே. ஆயினும் நம் கேள்விக்கு இது நல்ல தொடக்கம். சதுரங்கம் போரைப் பார்த்துச் செய்த விளையாட்டு என்கிறோம். அப்படியானால் அந்தப் பலகையிலுள்ள படை, மணிமங்கலத்தில் நின்ற படைதானா?

'சதுர்' என்றால் நான்கு. 'அங்கம்' என்றால் உறுப்பு. தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையே இப்பெயருக்குக் காரணம். பழைய நூல்கள் இந்நான்கிற்கும் ஒரு விகிதம் கூடச் சொல்கின்றன. மகாபாரதக் கணக்கின்படி ஓர் அக்குரோணிச் சேனையில் தேர் 21,870, யானை 21,870, குதிரை 65,610, காலாள் 1,09,350. வகுத்துப் பார்த்தால் 1 : 1 : 3 : 5 என்று வருகிறது. பலகையிலோ ஒரு பக்கத்துக்குத் தேர் 2, யானை 2, குதிரை 2, காலாள் 8. விளையாட்டைச் செய்தவர் குதிரைகளைக் குறைத்துவிட்டார். எட்டுக் கட்டத்துக்குள் அடங்க வேண்டும் அல்லவா?

ஏழாம் நூற்றாண்டில் இந்த விளையாட்டு வடநாட்டில் வழக்கில் இருந்தது. ஹர்ஷரின் அவைப் புலவரான பாணர் தம் நூலில் அதைக் குறிப்பிடுகிறார். அந்த ஹர்ஷரை நருமதைக் கரையில் தடுத்து நிறுத்தியவன் நம் புலிகேசியே. ஆகவே விளையாட்டும் போரும் ஒரே காலத்தவை, ஒப்பிடுவதில் தவறில்லை.

காஞ்சிபுரத்தை அடுத்த கூரம் என்ற ஊரில் கிடைத்த செப்பேடுதான் மணிமங்கல வெற்றியை நமக்குச் சொல்கிறது. இதை வெளியிட்டவன் நரசிம்மவர்மனின் பேரன் முதலாம் பரமேசுவரவர்மன். இவன் தானே நடத்திய போர் ஒன்றையும் இதில் விரிவாக வருணிக்கச் செய்துள்ளான். படைகள் நடந்து எழுப்பிய புழுதியில் கதிரவன் நிலவைப்போல் மங்கித் தெரிந்ததாம். அந்தப் புழுதியைக் கிளப்பியவை எவை? ஆட்கள், குதிரைகள், யானைகள். மன்னனின் யானைக்கு அரிவாரணம், குதிரைக்கு அதிசயம் என்று பெயர்கள் கூடத் தரப்பட்டுள்ளன. புழுதி கிளப்புவதில் சக்கரத்தை மிஞ்சியது எது? எனினும் அந்த வரிசையில் தேர் இல்லை.

தேர் ஏன் மறைந்தது? இதற்கு இயற்பியல் ஒரு விடை தருகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தேரின் இரு சக்கரங்களுக்கும் இடையே 1.5 மீட்டர் என்று கொள்வோம். தேரில் ஆட்கள் நின்றுகொண்டிருப்பதால் அதன் ஈர்ப்பு மையமும் தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். மணிக்கு 18 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வரும் அத்தேர், 5 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் திரும்புகிறது. வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் மையநோக்கு முடுக்கம் கிடைக்கும்: 25-ஐ 5-ஆல் வகுக்க 5. இது புவியீர்ப்பு முடுக்கமான 9.8-இல் பாதிக்குச் சற்று மேல். சக்கர இடைவெளியின் பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால் வருவதும் சரியாகப் பாதி. முன்னது பின்னதைத் தாண்டியதும் உட்புறச் சக்கரம் தரையை விட்டு எழும். குதிரை ஓடும் வேகத்தில் கூட அல்ல, ஒரு சைக்கிள் வேகத்திலேயே தேர் கவிழத் தொடங்கிவிடுகிறது! பலகையில் தேர் நேராக மட்டுமே செல்வது எவ்வளவு பொருத்தம் பாருங்கள்.

பலகைத் தேருக்குச் சேறு கிடையாது. களத்துத் தேருக்கு உண்டு. கி.மு. 326-இல் ஜீலம் நதிக்கரையில் அலெக்சாந்தரை எதிர்த்த போரஸ் மன்னன் பக்கத்துத் தேர்கள் ஈர மண்ணில் சிக்கிப் பயனற்றுப் போயின. வரப்பும் வாய்க்காலும் நிறைந்த ஏரிப்பாசன நாடான நம் பகுதியில் தேர்ப்படை என்ன செய்திருக்க முடியும்? இன்று சக்கரங்களுக்குப் பேர்போன ஒரகடத்துக்கு இது ஒரு வேடிக்கைதான்.

இது நம் நாட்டுக் கதை மட்டுமன்று. பிரான்சு நாடு இருக்கும் பகுதியில் வாழ்ந்த கால் இனத்தவர் கி.மு. 225-இல் தெலமோன் போரில் ரோமானியருக்கு எதிராகத் தேர்களை நிறுத்தினர். அடுத்த இரு நூற்றாண்டுக்குள் அவர்களிடம் குதிரை வீரர்களே மிஞ்சினர். கி.மு. 55-இல் கடல் கடந்து பிரிட்டனுக்குச் சென்ற ஜூலியஸ் சீசர் அங்கே இன்னும் தேர்ப்படை இருப்பதைக் கண்டார். பழங்காலப் போர்களை வைத்து இன்று ஆடப்படும் விளையாட்டுகளில் 'கால் படை' என்றதும் தேரையும் சேர்த்துவிடுகிறார்கள். எந்த ஆண்டுப் படை என்று முதலில் கேட்க வேண்டும்.

யானையின் கதை நேர் எதிரானது. களத்தில் அது நின்றது. பலகையில் மாறிக்கொண்டே வந்தது. இந்தியாவில் அதற்கு ஐந்து நகர்வுகள் இருந்ததை 11-ஆம் நூற்றாண்டில் அல்பெரூனி எழுதிவைத்தார். நான்கு மூலைப்பக்கம் ஒவ்வொரு கட்டம், முன்னே ஒரு கட்டம். நான்கு கால்களும் தும்பிக்கையும் என்பது விளக்கம். பாரசீகம் வழியாக ஐரோப்பா சென்றபின் அதே காய் பாதிரியாராகி, 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பலகையின் குறுக்கே பாயத் தொடங்கிவிட்டது. நம்மில் பலர் மூலையிலுள்ள தேரையே யானை என்று அழைத்துப் பழகிவிட்டோம்.

குதிரையோ மாறவில்லை. காஞ்சியில் தூப்புல் என்ற இடத்தில் பிறந்த வேதாந்த தேசிகர் தம் பாதுகா சகஸ்ரத்தில் ஒரு விந்தை செய்துள்ளார். ஒரு செய்யுளின் 32 எழுத்துகளை 32 கட்டங்களில் இட்டு, சதுரங்கக் குதிரையின் பாய்ச்சலில் படித்தால் அடுத்த செய்யுள் வரும். இன்றைய குதிரையை வைத்தும் அதைச் சரிபார்க்கலாம். களத்துக் குதிரைக்கோ தட்டுப்பாடு. அதைக் கடல் வழியே தருவிக்க வேண்டியிருந்ததைப் பட்டினப்பாலையும் சொல்கிறது, மார்க்கோ போலோவும் சொல்கிறார்.

மணிமங்கலத்துக்கே திரும்புவோம். அங்குள்ள இராஜகோபாலப் பெருமாள் கோயில் சுவரில் இரண்டாம் இராஜேந்திர சோழனின் கல்வெட்டு உள்ளது. கி.பி. 1054-இல் நடந்த கொப்பத்துப் போரை அது பேசுகிறது. எதிரி இங்கும் சாளுக்கியனே. அம்புகள் இராஜேந்திரனின் யானை நெற்றியிலும் அவன் தொடையிலும் தைத்தன. வென்றபின் கைப்பற்றியவற்றைச் சொல்லும்போது யானைகள், குதிரைகள், ஒட்டகங்கள் என்கிறது கல்வெட்டு. இங்கும் தேரைக் காணோம். ஆனால் ஒட்டகம் வந்துவிட்டது!

அந்தப் போரில் சோழ மன்னன் இராஜாதிராஜன் யானைமேல் இருந்தபடியே மாண்டான். 'யானைமேல் துஞ்சிய தேவர்' என்ற பெயர் அவனுக்கு வந்தது இதனால்தான். பலகையாக இருந்தால் ஆட்டம் அத்துடன் முடிந்திருக்கும். காய்களை எடுத்துப் பெட்டியில் போட்டிருப்பார்கள். கொப்பத்திலோ தம்பி இராஜேந்திரன் போர்க்களத்திலேயே முடிசூடிக்கொண்டான். சோழப்படை திரும்பி நின்று போரிட்டு வென்றது.