மாணிக்கக் கல்லின் மாசும் லேசர் ஒளியும்

இலங்கையின் மத்திய மலைநாட்டைப் பற்றிப் பேசுவோர் தேயிலையிலிருந்தே பேச்சைத் தொடங்குவது வழக்கம். ஆனால், 1867-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையிலே தேயிலை பயிரிடுவதற்கு நெடுங்காலம் முன்னரே அம்மலை மண் வேறொரு பொருளுக்காக அகழப்பட்டிருந்தது. நுவரெலியாவிற் குடியேறி வாழ்ந்த சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர், கண்டி மன்னர் காலத்தில் மாணிக்கக் கல் தேடித் தோண்டிய குழிகள் அச்சமவெளியிற் காணக்கிடந்ததை 1855-இல் வெளிவந்த தமது நூலிற் குறித்துள்ளார். ஹட்டனுக்கு அப்பால், பொகவந்தலாவையிலும் கெசல்கமுவ ஓயாவின் கரைகளிலும் 'இல்லம்' எனப்படும் கற்சரளைப் படை உண்டு. தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கொய்த தமிழ் மக்களின் லயங்களுக்கு அண்மையிலேயே மணிகள் புதைந்து கிடந்தன. அவர்கள் கைக்கு வந்தது நாட்கூலி மட்டுமே.

இம்மலைப் பாறைகள் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்திலே வெந்து உருமாறியவை. மழையும் ஆறும் அவற்றைக் கரைத்து, கரையாத மணிகளைப் பள்ளத்தாக்குகளிற் சேர்த்தன. இப்பாறைகளை விஞ்ஞான முறையில் ஆராய்ந்தோருள் ஒரு தமிழரும் இருந்தார். கலை விமரிசகர் என்றே உலகம் போற்றும் ஆனந்த குமாரசுவாமி, 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுத் துறையின் தலைவராக விளங்கினார் என்பதைப் பலர் மறந்துவிட்டனர்.

மணிகளிற் குற்றம் பார்ப்பது நம்மவர்க்குப் பழகிய கலை. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையிலேயே மதுரை வணிகர் நீக்கிய வயிரக் குற்றங்கள் பேசப்படுகின்றன. விஞ்ஞானமோ குற்றத்தை வேறு விதமாக நோக்குகிறது. நீலமும் கெம்பும் குருந்தம் என்னும் ஒரே பளிங்கின் வகைகள். அலுமினியம், ஒட்சிசன் என்னும் இரண்டன் அணுக்களும் பிழையின்றி அடுக்கப்பட்ட தூய குருந்தத்துக்கு நிறமே இல்லை. கண்ணாடித் துண்டுபோல் இருக்கும். சில அலுமினிய அணுக்களின் இடத்திற் குரோமியம் புகுந்தால், அது ஊதாவையும் பச்சையையும் உறிஞ்சிக்கொள்ள, எஞ்சும் செம்மை கெம்பாகிறது. இரும்பும் தைத்தேனியமும் அருகருகே அமர்ந்தால், மஞ்சளும் சிவப்பும் உறிஞ்சப்பட்டுக் கல் நீலமாகிறது. அடுக்கில் நேர்ந்த பிழையே அழகு என்று கூறலாம்.

இவ்வறிவு இல்லாமையால் இந்நாடு இழந்ததும் உண்டு. இரத்தினபுரி முதலிய இடங்களிற் பாலேறியது போன்ற மங்கிய குருந்தக் கற்கள் மிகுதியாகக் கிடைத்தன. 'கெவுட' என்று பெயரிட்டு அவற்றைப் பயனற்றவையாகவே பலரும் கருதினர். அம்மங்கலுக்குக் காரணம் உள்ளே ஊசிபோற் படிந்த தைத்தேனிய ஒட்சைட்டு. 1970-களில் தாய்லாந்து வணிகர் அவற்றை அற்ப விலைக்கு வாங்கிச் சென்று, 1500 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில், ஒட்சிசன் குறைந்த உலையில் இட்டனர். ஊசிகள் கரைந்தன, தைத்தேனியம் இரும்பின் பக்கத்திற் போய் அமர்ந்தது, கல் ஒளிவிடும் நீலமாயிற்று. இலாபம் எவர் பக்கம் சென்றது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இதே குருந்தம் வேறொரு வரலாற்றிலும் இடம்பெற்றது. 1960-ஆம் ஆண்டு மே 16-ஆம் நாள் அமெரிக்காவிலே தியோடர் மைமன் உலகின் முதல் லேசர் ஒளியை எழுப்பியது ஒரு கெம்புத் தண்டிலிருந்தே. அது உலையில் வளர்த்த செயற்கைக் கெம்பு. அதன் ஒளி பிறந்ததும் மாசாகப் புகுந்த குரோமியத்திலிருந்துதான்.

அத்துணை உக்கிரமான ஒளி படும்போது பளிங்கின் குறைகள் சாதாரண ஒளியில் நடப்பதுபோல் நடப்பதில்லை. ஒளியை உறிஞ்சும் அணுக்கள் யாவும் ஒருங்கே கிளர்ச்சியுற்றுவிட்டால், மேலும் உறிஞ்ச இயலாமையால், கல் அக்கணம் தெளிந்துவிடுவதும் உண்டு. 1961-இல் கைசர், காரெட் என்னும் இருவர், யூரோப்பியம் கலந்த கல்சியம் புளோரைட்டுப் பளிங்கிற் கெம்பு லேசரின் சிவப்பொளியைச் செலுத்தினர். யூரோப்பிய அணு ஒன்று ஒரே வேளையில் இரண்டு ஒளித்துகள்களை விழுங்கி நீல ஒளியை உமிழ்ந்தது. மரியா கோப்பெர்ட் மேயர் 1931-இற் கணக்கிட்டுச் சொன்னது, முப்பது ஆண்டுகளின் பின் ஒரு மாசினால் மெய்யாயிற்று. கேடு செய்யும் மாசும் உண்டு. லேசர்க் கண்ணாடியை உருக்கும் பிளாற்றினப் பாத்திரத்திலிருந்து நுண்துகள் ஒன்று உள்ளே தங்கினாற் போதும். ஒளித்துடிப்பு படும்போது அத்துகள் கொதித்துக் கண்ணாடியைப் பிளந்துவிடும்.

1982-இற் பீட்டர் மோல்ட்டன் தைத்தேனியம் கலந்த குருந்தத்தைக்கொண்டு புதிய லேசரை அமைத்தார். அதிலும் ஓர் இடையூறு எழுந்தது. தைத்தேனிய அணுக்களிற் சில ஓர் இலத்திரன் குறைந்த நிலையில் நின்று, அயலிலுள்ள தைத்தேனியத்துடன் இணைந்து, லேசர் தரவேண்டிய ஒளியையே உறிஞ்சின. பரிகாரம், பளிங்கை ஒட்சிசன் குறைந்த சூழலிற் சூடாக்குவது. தாய்லாந்து உலையில் கெவுடக் கல்லுக்குச் செய்ததும் ஏறக்குறைய இதுவே. அங்கே நிறம் உண்டாக்க, இங்கே வேண்டாத உறிஞ்சலை நீக்க!

இயற்கைக் கல் லேசருக்கு உதவாது. அதன் மாசுகள் கட்டுக்கடங்காதவை. மணி ஆய்வுக்கூடத்திலோ அம்மாசுகளே சாட்சியாகின்றன. ஊசிகள் சிதையாதிருந்தாற் கல் கடும் வெப்பம் காணாதது என ஊகிக்கலாம். கல்லின் உள்ளே அடைபட்டது என்ன கனிப்பொருள் என்பதை அறிய, இன்று மென்மையான லேசர்க் கதிரைச் செலுத்தி, சிதறிவரும் ஒளியை அளக்கின்றனர். அச்சிதறலை 1928-இற் கண்டறிந்தவர் திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சந்திரசேகர வேங்கடராமன்.