தகடூர் நடுகற்களும் நம் மீஸான் கற்களும்

தருமபுரியில் உள்ள நடுகல் அகழ்வைப்பகத்திற்கு மதரஸா மாணவர்களை அழைத்துச் செல்ல எண்ணியபோது, ஒரு பிள்ளையின் தாயார் தயங்கினார். “ஹஜ்ரத், அவை வணங்கப்பட்ட கற்கள் அல்லவா?” என்றார். நியாயமான கேள்வி. அதற்கு விடை கூற அக்கற்களின் வரலாற்றை அறிதல் வேண்டும்.

நம் ஊரின் பழம்பெயர் தகடூர். சங்க காலத்தில் அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட ஊர். அவன் மறைந்தபின் நட்ட கல்லுக்கு மயிற்பீலி சூட்டிக் கள் படைத்ததைக் கண்டு ஔவையார் மனம் நொந்து பாடியது புறநானூற்றில் உள்ளது. வீரனுக்குக் கல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறு நிலைகளாகக் கூறும்.

பல்லவர் காலக் கற்களில் வட்டெழுத்துப் பொறிப்புகளைக் காணலாம். அரசனின் பெயர், ஆட்சியாண்டு, வீரனின் பெயர், அவன் இறந்த காரணம் ஆகியவை அவற்றில் இருக்கும். பெரும்பாலும் காரணம் ஒன்றே: தொறு, அதாவது மாட்டு மந்தை. கவர்ந்து செல்லப்பட்ட மாடுகளை மீட்கப் போய் அம்பு தைத்து வீழ்ந்தவர்கள் இவர்கள். ஊரின் உழவும் உணவும் அம்மாடுகளை நம்பியே இருந்தன. அண்டை மாவட்டமான திருவண்ணாமலையின் செங்கம் வட்டாரத்தில், எடுத்தனூர்க் கல்லில் கருந்தேவகட்டி என்ற வீரனுடன் அவனுடைய நாயும் செதுக்கப்பட்டுள்ளது. நாயின் பெயர் கோவிவன். கள்வரைக் கடித்துக் காத்து நின்றதாம். மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நடப்பட்ட கல் அது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வாழ்ந்த நூற்றாண்டும் அதுவே. குகைத் தோழர்களின் நாயை ஸூரத்துல் கஹ்ஃபில் ஓதும் நம் பிள்ளைகளுக்குக் கோவிவன் அந்நியமாகத் தோன்றாது.

காலம் செல்லச் செல்ல எழுத்தைப் படிப்போர் அருகினர். வீரனின் பெயர் மறந்தது. கல் மட்டும் நின்றது. அதுவே பல ஊர்களில் வேடியப்பன் என்னும் தெய்வமாயிற்று. இதைப் படிக்கும்போது இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு நினைவுக்கு வருகிறது. வத்து, ஸுவாஉ, யஃகூஸ், யஊக், நஸ்ர் என்போர் நூஹ் (அலை) அவர்களின் சமூகத்து நல்லோர். அவர்கள் இறந்தபின் நினைவுக்காகவே அடையாளங்கள் நடப்பட்டன. நட்டவர்களும் மறைந்து, அறிவும் மறைந்த பிறகே அவை வணங்கப்பட்டன என்று ஸஹீஹுல் புகாரியில் வருகிறது. அந்த அறிவிப்பில் வரும் ‘அன்ஸாப்’ என்னும் அரபுச் சொல்லின் பொருளே ‘நடப்பட்டவை’ என்பதுதான்.

கல்லை அடையாளமாக வைப்பது வேறு, அதனிடம் வேண்டுவது வேறு. உஸ்மான் இப்னு மள்ஊன் (ரலி) அவர்களின் கபுறை அறிந்துகொள்ள நபி (ஸல்) அவர்களே தலைமாட்டில் ஒரு கல்லை வைத்தார்கள் என்பது அபூதாவூதில் உள்ளது. நம் மையவாடியின் மீஸான் கற்களும் அடையாளத்திற்கே. அவற்றிலும் பழையவற்றின் எழுத்தைப் படிக்க இன்று எத்தனை பேர் இருக்கிறோம்?

அந்தத் தாயாரிடம் இதையே கூறினேன். நாம் வணங்கச் செல்லவில்லை, வாசிக்கச் செல்கிறோம் என்றேன். மகனை அனுப்பினார், தாமும் வந்தார். நடுகற்கள் துணி துவைக்கும் கல்லாகவும் வரப்புக் கல்லாகவும் மாறி அழிவதுண்டு. நம்மவர் நிலத்தில் அப்படி ஒன்று கிடைத்தால் உடைத்துவிடாமல் வட்டாட்சியர் அலுவலகத்திற்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவியுங்கள்.