சட்டைப்பைக்குள் ஒரு கேமரா: கொல்லிமலை முதல் எவரெஸ்ட் வரை

சென்ற மாதம் நம் குடியிருப்பிலிருந்து வேன் வைத்துக் கொல்லிமலை போய் வந்தோமே, அப்போது என் கையிலிருந்த சின்னக் கறுப்பு கேமராவைப் பார்த்துவிட்டு நான்கைந்து பேராவது ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். "போன்லயே எல்லாம் எடுக்கலாமே சார், இது எதுக்கு?" எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதிப் பேருக்குத் தலை சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில் பதில் சொல்ல முடியவில்லை. இதழில் எழுதச் சொன்னார் நம் செயலாளர். எழுதிவிட்டேன், சற்று நீளமாகவே. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், கேமரா என்பது ஒரு காலத்தில் வண்டியில் ஏற்றிப் போகும் சாமான் என்பதை நினைவில் வையுங்கள். லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ கேப்டன் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்தவர். 1858-ல் மதுரை, தஞ்சைக் கோயில்களைப் படமெடுத்தார். ராயக்கோட்டை முதலான அன்றைய சேலம் மாவட்ட இடங்களின் படங்களும் அவருடைய தொகுப்பு ஒன்றில் உண்டு. (நாமக்கல் 1997-ல்தான் தனி மாவட்டம் ஆனது. அதுவரை கொல்லிமலையும் சேலம் கணக்கில்தான்.) அவர் பயன்படுத்தியது காகித நெகட்டிவ். அச்சிட்ட படம் எவ்வளவு பெரிதோ, நெகட்டிவும் அவ்வளவு பெரிது. அதைத் தாங்கும் பெட்டி, முக்காலி, மருந்து பாட்டில்கள், கூடவே ஆட்கள். அப்படிப்பட்ட சுமையோடு ஒருவர் மலையேறுவதை யோசித்துப் பாருங்கள்.

மலையேறும் ஆசைக்கும் கேமரா சிறுத்ததற்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஜெர்மனியில் லைட்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த ஆஸ்கர் பார்னாக் ஆஸ்துமாக்காரர். கனமான கேமராவும் கண்ணாடித் தகடுகளும் தூக்கிக்கொண்டு மலைச்சரிவில் நடக்க மூச்சு இடம் கொடுக்கவில்லை. சினிமா பிலிமையே ஸ்டில் படத்துக்குப் பயன்படுத்தி 1914 வாக்கில் ஒரு சின்னக் கேமரா செய்தார். அதுதான் 1925-ல் லைக்கா என்ற பெயரில் கடைக்கு வந்தது. 24க்கு 36 மில்லிமீட்டர் என்ற படச் சட்டம் பரவியது அதிலிருந்துதான்.

அதற்கும் முன்னால், 1912-ல், கோடக் கம்பெனி வெஸ்ட் பாக்கெட் கோடக் என்று ஒன்றை விற்றது. மடக்கினால் கோட்டுக்குள் போடும் வெஸ்ட்டின் பைக்குள் போய்விடும். ஒரு ரோலில் எட்டுப் படம். முதல் உலகப் போரில் சிப்பாய்கள் பையில் கொண்டு போனது இதைத்தான்.

இந்த வெஸ்ட் பாக்கெட் கோடக்கில் நம் தமிழ்நாட்டோடு சம்பந்தப்பட்ட ஒன்று இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டம் நெய்யூரில் மிஷன் ஆஸ்பத்திரி இருப்பது உங்களில் தெற்கத்திக்காரர்களுக்குத் தெரியும். அங்கே பல ஆண்டுகள் அறுவை சிகிச்சை செய்தவர் டாக்டர் ஹோவர்டு சோமர்வெல், ஆங்கிலேயர். 1922 எவரெஸ்ட் பயணத்துக்கு வந்தவர், அது முடிந்து நெய்யூருக்கு வந்து, அங்கு வைத்தியத்துக்குக் காத்துக்கிடந்த கூட்டத்தைப் பார்த்துவிட்டு லண்டன் வேலையை விட்டுவிட்டார். பிற்காலத்தில் வேலூர் சி.எம்.சி.யிலும் இருந்தார்.

1924-ல் மறுபடியும் எவரெஸ்ட். ஜூன் 4 அன்று நார்ட்டனும் சோமர்வெல்லும் ஆக்சிஜன் இல்லாமல் மேலே போனார்கள். தொண்டை அடைத்து மூச்சுவிட முடியாமல் சோமர்வெல் ஏறத்தாழ 28,000 அடியில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த இடத்திலிருந்து, தனியாக மேலே போன நார்ட்டனைப் படமெடுத்தார். அன்றைக்கு உலகிலேயே அதிக உயரத்தில் எடுக்கப்பட்ட புகைப்படம் அதுதான். இறங்கும் வழியில் செத்துப் பிழைத்தார். கீழே முகாமில் அடுத்து ஏறத் தயாராக இருந்த மல்லோரியிடம் தன் பாக்கெட் கேமராவைக் கொடுத்தார்.

ஜூன் 8-க்குப் பிறகு மல்லோரியையும் இளைஞர் இர்வினையும் யாரும் உயிரோடு பார்க்கவில்லை. 1999 மே மாதம் மல்லோரியின் உடல் கிடைத்தது. கேமரா இல்லை. 2024-ல் பனியாறு ஒன்றில் இர்வினின் பெயர் தைத்த காலுறையோடு ஒரு பாதம் கிடைத்தது. அங்கும் கேமரா இல்லை. உச்சிக்குப் போனார்களா, இல்லையா என்பதற்கு வேறு சாட்சி கிடையாது. உறைபனியில் பிலிம் கெடாமல் இருந்தால் இன்றும் கழுவிப் படம் எடுக்க வாய்ப்புண்டு என்கிறார்கள் விவரம் தெரிந்தவர்கள். நெய்யூர் டாக்டர் கைமாற்றாகக் கொடுத்த கேமரா, நூறு வருடம் தாண்டியும் பைசலாகாத கணக்கு.

நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் இருந்தது பரோடாவில் தயாரான அக்ஃபா கிளிக் த்ரீ. ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் 'இந்து' ரோல் போட்டால் பன்னிரண்டு படம். நல்ல வெயில் இருந்தால் நல்ல படம், இல்லாவிட்டால் இல்லை. வெளிநாட்டுக் கேமரா வேண்டுமானால் சிங்கப்பூர் மச்சானோ பர்மா பஜாரோதான் வழி.

1984-ல் நான் நாமக்கல் பக்கம் ஒரு கிளையில் கிளார்க். எங்கள் கேஷியருக்கு அப்படி ஒரு சிங்கப்பூர் மச்சான் இருந்தார். அவர் கொண்டு வந்தது ஒலிம்பஸ் எக்ஸ்ஏ, 1979-ல் யோஷிஹிசா மைதானி வடிவமைத்தது. எப்போதும் கூடவே இருக்காத கேமராவால் பயனில்லை என்பது அவர் கட்சி. அதனால் தோல் உறையும் கிடையாது, லென்ஸ் மூடியும் கிடையாது. முன்பக்கத்து மூடியைத் தள்ளினால் கேமரா தயார், இழுத்தால் சட்டைப்பைக்குள். எடை 225 கிராம். ஆனால் உள்ளே முழு 35 மில்லிமீட்டர் பிலிம், 2.8 லென்ஸ், தூரத்தைச் சரிபார்க்க ரேஞ்ச்ஃபைண்டர். அதற்கு முந்தைய ரோலை 35-ல் (1966) தூரத்தைக் கண்ணால் மதிப்பிட வேண்டும். எக்ஸ்ஏ-வின் ஒரே தொல்லை, பட்டன் பேட்டரி தீர்ந்தால் ஒன்றும் நடக்காது. வாட்ச் ரிப்பேர் கடையில் வாங்குவோம்.

அந்த வருடம் கிளையிலிருந்து ஏழு பேர் கொல்லிமலை போனோம். அறப்பளீஸ்வரர் கோயிலில் கும்பிட்டுவிட்டு ஆகாய கங்கைக்கு இறங்கப் போகையில் கேஷியர், "தம்பி, எனக்கு முட்டி விடாது. நீ போயிட்டு வா. இதைக் கொண்டு போ" என்று கேமராவை என் கையில் கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அருவியைப் பக்கவாட்டில், கீழிருந்து, சாரலோடு, சாரல் இல்லாமல் என்று எடுத்துத் தள்ளினேன். மூச்சு வாங்க மேலே வந்தபோது அவர் கோயில் வாசலில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். மூடியைத் தள்ளி, நெம்பினேன். சக்கரம் நகரவில்லை. முப்பத்தாறும் தீர்ந்திருந்தது.

இரண்டு வருடம் கழித்து அவர் மாரடைப்பில் போய்விட்டார். பதினாறாம் நாள் முடிந்ததும் அவர் மனைவி கேட்டார்: "தம்பி, நீங்க மலையில படம் எடுத்தீங்களாமே, அவர் இருக்கிறது ஒண்ணு கிடைக்குமா?" வீட்டில் இருந்ததெல்லாம் கல்யாணப் படமும், அடையாள அட்டைக்கு எடுத்த முறைத்த படமும்தான். நான் நெகட்டிவை விளக்கின் முன் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தண்ணீர், தண்ணீர், தண்ணீர். நான்காவது படம் மட்டும் சோளக்காட்டில் டீக்கடை. மற்றவர்கள் முன்னால் நிற்க, ஓரத்தில் கிளாஸோடு பாதி திரும்பிய நிலையில் அவர். முகம் கடுகளவு.

சேலத்தில் ஒரு ஸ்டுடியோக்காரர் அந்தக் கடுகை மட்டும் எடுத்துப் பெரிதாக்கிக் கொடுத்தார். கொஞ்சம் புள்ளி தட்டியது, ஆனால் அவர்தான், அந்தச் சிரிப்புதான். அது அவர்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டப்பட்டது.

இங்கேதான் நம் வணிகவியல் கணக்கு. 24க்கு 36 என்றால் 864 சதுர மில்லிமீட்டர். அதே காலத்தில் 'பாக்கெட் கேமரா' என்று ஊரெல்லாம் விற்ற 110 வகையில் படச் சட்டம் 13க்கு 17, அதாவது 221. கால் பங்கு. கேஷியரின் மச்சான் அதை வாங்கி வந்திருந்தால் அந்தக் கடுகில் முகம் இருந்திருக்காது.

டிஜிட்டலிலும் இதே கணக்குதான். முதலில் வந்த சின்ன டிஜிட்டல் கேமராக்களில் படம் விழும் சென்சார் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. 2012-ல் வந்த சோனி ஆர்எக்ஸ்100-ல் 116 சதுர மில்லிமீட்டர். அதை 'ஒரு இன்ச்' சென்சார் என்று விற்றார்கள், அளந்தால் எந்தப் பக்கமும் ஒரு இன்ச் வராது. வங்கியில் இப்படி எழுதினால் ஆடிட்டர் விடமாட்டார். என்னிடம் இருப்பது ரிக்கோ ஜிஆர் 3, ஓய்வுக்குப் பின் வாங்கியது. 257 கிராமில் ஏறத்தாழ 366 சதுர மில்லிமீட்டர். இந்த வரிசையின் மூத்தது 1996-ல் வந்த பிலிம் கேமரா ஜிஆர்1. டோக்கியோ தெருக்களைப் படமெடுத்துப் பேர் வாங்கிய டைடோ மோரியாமா இந்த வரிசைக் கேமராக்களோடுதான் சுற்றினார்.

குறைகளும் சொல்லிவிடுகிறேன், நாளை யாரும் வாங்கிவிட்டு என்னைத் திட்டக்கூடாது. ஜூம் கிடையாது, கிட்டே நடந்து போக வேண்டும். கண் வைத்துப் பார்க்கும் துளை கிடையாது, சீக்குப்பாறை காட்சிமுனையில் மதிய வெயிலில் திரையே தெரியவில்லை. ஒரு சார்ஜில் இருநூறு படம். தண்ணீர் புகாத கட்டமைப்பு இல்லை, அருவிப் பக்கம் பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தேன். ஆனால் இரண்டரை மீட்டர் என்று தூரத்தை முன்கூட்டியே வைத்துவிட்டால், அழுத்திய கணத்தில் படம். சந்தையில் பலாப்பழம் விற்ற அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன். "இம்புட்டூண்டு டப்பாவா?" என்று அவர் சிரித்த சிரிப்பு அப்படியே விழுந்திருக்கிறது. பெரிய லென்ஸை நீட்டியிருந்தால் முந்தானையைச் சரிசெய்துகொண்டு விறைத்து நின்றிருப்பார்.

அடுத்த வருடமும் கொல்லிமலை என்று பேச்சு இருக்கிறது. ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கு மேல் படி, எனக்கும் இப்போது முட்டி விடாது. இறங்குகிறவர் யாராவது கேமராவை வாங்கிக்கொண்டு போகலாம், சார்ஜ் போட்டே கொண்டு வருகிறேன். போவதற்கு முன் கோயில் வாசலில் உட்கார்ந்திருக்கும் எங்கள் நாலைந்து பேரை மட்டும் ஒரு படம் எடுத்துவிட்டுப் போங்கள்.